இரண்டாவது சுவர்

ஷீபா போட்ட திட்டத்தில் உக்ரைனில் தங்குவது மொத்தமே நான்கு நாள்தான். பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் கோடு கிழித்து, எந்த மணிக்கு எங்கே என்று எழுதி, கதவில் ஒட்டியிருந்தாள். போலந்து வரைக்கும் விமானம், அப்புறம் ரயில், எல்லையில் மாறி இன்னொரு ரயில். முதல் நாள் காலை டினிப்ரோ நகரத்தில் இறங்குவது, இரண்டாம் நாள் கடைசிப் பரீட்சை, மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் வாங்குவது, நான்காம் நாள் முதல் ரயிலில் கிளம்பிவிடுவது. கீழே சிவப்பு மையில் வேறு: பாலத்தில் ஏறக் கூடாது. ஆற்றோரம் போகக் கூடாது. சைரன் அடித்தால் சுரங்க ரயில் நிலையத்துக்குள் இறங்க வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் இரண்டு சுவருக்கு உள்ளே.

டாக்டருக்குப் படிக்க உக்ரைனுக்குப் போனவள் அவள். நாலாம் வருஷம் சண்டை மூண்டு, உடுத்திய துணியோடு சொந்த ஊரான மானாம்பதிக்குத் திரும்பி வந்தாள். மிச்சப் படிப்பையெல்லாம் இந்த ஒற்றை அறை வீட்டில், போனிலேயே படித்து முடித்தாயிற்று. கடைசிப் பரீட்சையை மட்டும் நேரில் வந்து எழுது, இல்லாவிட்டால் பட்டம் கிடையாது, இதற்கப்புறம் வாய்ப்பும் கிடையாது என்று காலேஜ் சொல்லிவிட்டது. பெயர் கொடுக்க இன்று மாலை ஐந்து மணி வரைக்கும் கெடு.

அவளுடைய அப்பா அருள்தாஸ் மூன்று நாளாக ஒரே பாட்டுத்தான் பாடிக்கொண்டிருந்தார். போகக் கூடாது.

அவரைக் கோழை என்று சொல்கிற நாக்கு அழுகிப்போகும். இருபத்தோரு வருஷமாக, ஊருக்கு மேற்கே இருக்கும் கல் குவாரியில் பாறையில் குழி போடுகிறவர். காலையில் அவர் குழி போடுவார், பகல் ஒரு மணிக்கு அதில் வெடி வைப்பார்கள். இடது காது எப்போதோ போய்விட்டது. வெடி என்ன செய்யும் என்பதை அவர் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பத்துக் குழிக்கு ஒன்பது சத்தம் கேட்டதுமே எல்லாம் முடிந்தது என்று உள்ளே போய், பத்தாவது வெடியில் சிக்கிய கூட்டாளி வீராசாமியைத் துண்டில் அள்ளிக்கொண்டு வந்த நாலு பேரில் அவரும் ஒருவர். அன்றிலிருந்து எத்தனை குழியோ அத்தனை சத்தத்தையும் எண்ணாமல் அவர் ஓரடி எடுத்து வைத்ததில்லை. ஒன்று குறைந்தால் அரை மணி நேரத்துக்கு உட்கார்ந்த இடத்தைவிட்டு நகர மாட்டார்.

அன்றைக்கும் குழி போட்டுவிட்டுப் பன்னிரண்டரைக்கு வந்தவர், கைகூடக் கழுவாமல் அந்த அட்டைக்கு முன்னால் போய் நின்றார்.

"அந்த ஆறு எம்மா அகலம்?"

"நம்ப பாலாறு மாதிரி ரெண்டு மடங்கு, நைனா."

"தண்ணி?"

"கரை முட்ட ஓடும்."

"பாலாறு மாதிரின்ற, தண்ணி ஓடுதுன்ற. இன்னா கதை வுட்ற?"

சோறு போட்டுக்கொண்டிருந்த மனைவி சிட்டம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் போவதில் அவளுக்கும் பயம்தான். ஆனால் போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் அவள் நினைத்துப் பார்த்திருந்தாள்.

"அது இன்னா ரெண்டு செவுரு?" என்றார் அருள்தாஸ்.

"குண்டு வெளிய வுயுந்தா மொத செவுரு அடியைத் தாங்கிக்கும். செதறி வர்ற கல்லு, கண்ணாடியெல்லாம் ரெண்டாவது செவுரு தடுக்கும். அங்க எல்லாரும் அப்பிடித்தான் பண்றாங்க. ஹாஸ்டல்ல அந்த மாதிரி எடம் கீது, போட்டோ காட்னேன்ல?"

"அதெல்லாம் வாணாம். நீ உசுரோட இரு, போதும்."

"உசுரோடதான் கீறேன், நைனா. ரெண்டு வருசமா. இன்னாவா கீறேன்னு நீயே சொல்லு."

தட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

சோற்றில் கை வைக்கும்போது வாசலில் கார் வந்து நின்றது. குவாரி முதலாளி புருஷோத்தமன். காலனிக்குள் அவர் கார் வருவதென்றால் தேர்தல் சமயத்தில் யாரையாவது கூட்டிக்கொண்டு வருவதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை சபையில் மகளின் பயணத்துக்காகச் சிட்டம்மாள் ஜெபக் குறிப்பாகக் கொடுத்தது திங்கட்கிழமைக்குள் ஊர் முழுக்கப் போய், செவ்வாய்க்கிழமை அவரையே இங்கே இழுத்து வந்துவிட்டது. இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அருளு, உனக்குப் புத்தி கீதா? சண்டை நடக்கிற ஊருக்குப் பொம்பளப் புள்ளைய அனுப்புவியா? உயிரு முக்கியமா, காயிதம் முக்கியமா?"

மூன்று நாளாக அருள்தாஸ் சொல்லிக்கொண்டிருந்ததும் இதையேதான். அந்த வாயிலிருந்து கேட்டபோது மட்டும் என்னவோ முள் குத்திய மாதிரி இருந்தது.

"நம்ப கிரஷர் ஆபீசுல வந்து குந்தட்டும். ஃபேன் கீது. லோடுக்குச் சீட்டு எயுதிக் குடுத்துகினு கௌரவமா இருக்கட்டும். டாக்டரு கீக்டருன்னுகினு..."

அவர் முடிப்பதற்குள் சைரன் அடித்தது. தெருவில் விளையாடிய பிள்ளைகள் யாரும் கூப்பிடாமலேயே வீடுகளுக்குள் ஓடின. சிட்டம்மாள் ஆட்டை உள்ளே இழுத்தாள், சோற்றுப் பானையை மூடினாள், கதவைச் சாத்தினாள். முதலாளி மட்டும் நாற்காலியைவிட்டுப் பாதி எழுந்து நின்றார்.

"இன்னாடா இது?"

"மணி ஒன்னு, மொதலாளி. உங்க வெடிதான்," என்றார் அருள்தாஸ்.

அந்த நேரத்தில் அவர் ஒருநாளும் இந்தப் பக்கம் இருந்ததில்லை. முதல் சத்தத்துக்குத் தட்டுகள் ஆடின. கூரையிலிருந்து தூசி அவருடைய வெள்ளைச் சட்டையில் கொட்டியது. அவர் ஜன்னலோரம் ஒதுங்க, அருள்தாஸ் அவர் கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்து, ஆட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார வைத்தார். பிறகு வலது காதைத் திருப்பி வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினார். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. அதோடு நின்றுபோனது.

முதலாளி எழுந்தார்.

"குந்துங்க. நான் போட்டது பதினோரு குழி. ஒன்னு பாக்கி."

"நான் கார்ல பூட்றேன்."

"போவ முடியாது. அரை மணி நேரம்."

முதலாளி மறுபடி தரையில் உட்கார்ந்தார். ஆடு அவர் சட்டையை மோந்து பார்த்தது. அருள்தாஸ் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒற்றைச் செங்கல் சுவர் நான்கு. மேலே சிமெண்ட் ஷீட்டில், போன வருஷம் கல் விழுந்து ஓட்டையான இடத்தில் சாக்குப் பை. இரண்டாவது சுவர் எங்கே என்று தேடினார். குழியை எண்ணுகிற மாதிரியே எண்ணிப் பார்த்தார். இல்லை.

"மொதலாளி, உயிரு முக்கியம்னு சொன்னீங்க."

"ஆமா. அதான் சொல்றேன்."

"இருவத்தோரு வருசமா உங்க கல்லுல குழி போட்றேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, இந்த வார்த்தைய எங்கிட்ட சொல்லிகீறீங்களா?"

"அது வேல, அருளு."

"அவளுக்கு இது வேல."

முதலாளி சட்டையிலிருந்த தூசியைத் தட்டினார். அருள்தாஸின் குரல் உயரவில்லை. பயம் போய்விட்டது என்றில்லை, அது அப்படியே கல்லாக உள்ளே கிடந்தது. அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்திருந்தது, அவ்வளவுதான். வீராசாமிக்குச் சேர்த்து, தன் காதுக்குச் சேர்த்து, இத்தனை வருஷம் தாமதமாக வந்த கோபம்.

"அந்த ஊருல சைரன் அடிச்சா எறங்கறதுக்கு பூமிக்கு அடியில எடம் கீதாம். ரெண்டு செவுரு கீதாம். இங்க சைரன் மட்டுந்தான் கீது." மகளைத் திரும்பிப் பார்த்தார். "பேரக் குடும்மா."

"நைனா?"

"அஞ்சு மணி வரிக்கும் இன்னாத்துக்கு? இப்பவே குடு. நாலு நாளுன்னா நாலு நாளு, அஞ்சாவது நாளு அங்க நிக்கக் கூடாது. அங்கயும் எண்ணிகினே இரு. கணக்கு தீராம வெளிய வராத."

ஷீபா போனை எடுத்தாள். கண்ணீர் எழுத்தை மறைத்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு தட்டினாள். சிட்டம்மாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, புரியாத அந்த எழுத்துகளையே பார்த்தாள். பெயர் பதிவாகிவிட்டது என்று பதில் வந்தது.

பதினோராவது அப்போதும் வெடிக்கவில்லை. எல்லாரும் உட்கார்ந்தே இருந்தார்கள். முதலாளி மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தார். நாலாவது தடவை பார்க்கும்போது அது வெடித்தது. தேங்காய் அளவு கல் ஒன்று சாக்குப் பையைக் கிழித்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் விழுந்தது. நாற்காலி இரண்டாகப் பிளந்தது.

"பதினொன்னு," என்றாள் சிட்டம்மாள். "இப்ப போலாம், மொதலாளி."

புருஷோத்தமன் நாற்காலியைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வாசற்படி தாண்டிய பிறகுதான் அவருக்குக் குரல் திரும்பியது.

"நாளைலருந்து நீ வேலைக்கு வர வாணாம்."

"வருவேன், மொதலாளி." அருள்தாஸ் அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அக்கம்பக்கத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. "குழி போட இல்ல. இந்தக் கல்ல எடுத்துகினு, காலனி மொத்தமும் வருவோம். எங்க ரெண்டாவது செவுரு எங்கன்னு கேக்க."