நாலு அங்குலம் இறங்கிய கார்

வியாழக்கிழமை காலையில் இசைவாணி வாசலுக்கு வந்து பார்த்தால் அவளுடைய கார் உட்கார்ந்திருந்தது. நின்றுகொண்டிருந்தது என்று சொல்ல மனசு வரவில்லை. முந்தின நாள்வரை சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே ஒரு கையை நுழைக்கலாம். இப்போது ஒரு கல்யாணப் பத்திரிகை நுழைவதே பெரும் பாடு. பக்கத்தில் அவள் புருஷன் கலையரசன் கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தான்.

கலையரசன் சாதிச் சங்கத்தின் ஒன்றியத் துணைச் செயலாளர். இட ஒதுக்கீட்டில் தங்களுக்குத் தனியாக இருபது சதவீதம் வேண்டும் என்று மாவட்டமே கொதித்துக்கொண்டிருந்த டிசம்பர் அது. வருகிற திங்கட்கிழமை ஊருக்கு ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. கச்சிராயபாளையம் பக்கத்தில் பன்னிரண்டு கார் ஊர்வலம், முதல் கார் கலையரசனுடையது. அதாவது அவன் பெண்டாட்டியுடையது. முதல் கார் மற்ற கார்களைப் போலவே இருந்தால் அதை எப்படி முதல் கார் என்பது? அதனால் கள்ளக்குறிச்சியில் கரும்பு டிராக்டர்களுக்கு வெல்டிங் வைக்கும் ஒரு பட்டறையில் விட்டு, நாலு ஸ்பிரிங்கிலும் ஒன்றரைச் சுற்றை அறுத்து எறியச் சொல்லிவிட்டான். நாலு அங்குலம் இறங்கினால் கெத்து என்று அவனுடைய கூட்டாளி சின்னதுரை சொல்லியிருந்தான்.

அந்த மனுவை வாங்க வேண்டிய கிராம நிர்வாக அலுவலர் சாட்சாத் இசைவாணிதான். ஊரில் பாதிப் பேருக்கு இதில் சிரிப்பு. கலையரசனுக்கு மட்டும் இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றே விளங்கவில்லை.

கோரிக்கையில் இசைவாணிக்குக் குறை எதுவும் கிடையாது. அவள் தம்பியும் நாலு வருஷமாகப் பரீட்சை எழுதித் தேய்ந்துகொண்டிருப்பவன்தான். அவள் கவலை மலைமேல் இருந்தது. கல்வராயன் மலையில் ஓர் ஊர் கூடுதல் பொறுப்பாக அவள் தலையில் விழுந்திருந்தது. அடைமழையில் அங்கே மரவள்ளி அழுகிப் போய்விட்டது. இன்னும் பதினெட்டுக் குடும்பங்களின் காட்டை நேரில் பார்த்தாக வேண்டும். புதன்கிழமைக்குள் பட்டியல் போகாவிட்டால் அவர்களுக்கு நிவாரணம் கிடையாது. அவள் போக வேண்டிய நேரத்துக்கு மலைக்குப் பஸ் இல்லை என்பதால்தான் தன் பேரில் கடன் போட்டு அந்தக் காரையே வாங்கினாள்.

வெள்ளிக்கிழமை புறப்பட்டாள். கார் நேராகப் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கைக் கோணலாகப் பிடிக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் அசந்தால் இடப்பக்கம் இழுத்தது. இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் இடப்பக்கம் என்பது பள்ளம். முன்சக்கரம் ஓரத்துக் கல்லை உரசி நின்றபோது அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அப்படியே திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

புதுசாக இறக்கிய வண்டி அப்படித்தான் இருக்கும், இரண்டு நாளில் பழகிவிடும் என்றான் கலையரசன். கார் என்ன சந்தையில் பிடித்துவந்த மாடா, பழகுவதற்கு? வீல் அலைன்மெண்ட் பார்க்காமல் வண்டியைத் தொடக்கூடாது என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். சனிக்கிழமை வேண்டாவெறுப்பாகச் சேலம் ரோட்டில் தனசேகரன் கடைக்கு ஓட்டிப் போனவன், சாயங்காலம் பளபளவென்று லேமினேட் செய்த ஒரு காகிதத்தோடு வந்தான்.

"கம்ப்யூட்டர்லயே பாத்தாச்சு. எல்லாம் நார்மல்" என்று அதை அவள் கையில் கொடுத்தான்.

காகிதம் பார்ப்பதுதான் இசைவாணியின் பிழைப்பு. உயிரோடு இருப்பவருக்கு வாரிசுச் சான்று கேட்டு வந்தவரையும், ஏரியைத் தன் பாட்டன் சொத்து என்று பத்திரம் நீட்டியவரையும் பார்த்தவள் அவள். இது கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். அசல் எங்கே என்று கேட்டாள். மனுவுக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போனபோது இதையும் சேர்த்து எடுத்தேன், அசல் அங்கேயே எங்கோ விழுந்திருக்கும் என்றான். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவள் எண்களைப் படித்தாள். சக்கரத்தின் சாய்வு அரை டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. இந்தக் காரின் முன்சக்கரங்கள் இரண்டரை டிகிரிக்கு மேல் உட்பக்கம் சாய்ந்திருந்தன. அளவு தப்பினால் இயந்திரம் அந்தக் கட்டத்தைச் சிவப்பாக அடித்துக் காட்டும். சரியாக இருந்தால் பச்சை. ஜெராக்ஸில் இரண்டும் ஒரே சாம்பல். எண்ணைத் திருத்தாமல் விட்டது அவனுடைய நேர்மை என்று நினைத்துவிட வேண்டாம். அந்த எண் எதற்கென்றே அவனுக்குத் தெரியாது.

தனசேகரனுக்குப் போன் போட்டாள். அவர் பொறுமையாகச் சொன்னார். வண்டியை இறக்கினால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும், அதைத்தான் காம்பர் என்பது. கூடவே ஸ்டியரிங் கம்பிகளின் கோணமும் மாறி, முன்சக்கரங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும், அது டோ. டோவைத் திருகிச் சரிசெய்துவிடலாம். ஆனால் காம்பரை முதலில் நிமிர்த்தாமல் டோவைத் தொட்டால் மறுபடியும் கலைந்துவிடும். இந்தக் காரில் காம்பரைத் திருத்தக் கம்பெனி வழி வைக்கவில்லை. தனி போல்ட் போட வேண்டும். அது திங்கட்கிழமை மத்தியானம் சேலத்திலிருந்து பஸ் பார்சலில் வரும். அதுவரை வண்டி இழுக்கத்தான் செய்யும், டயரின் உள்விளிம்பும் தேய்ந்துகொண்டே போகும்.

"நாலு கட்டமும் செவப்பு மேடம். கலர்லதான் குடுத்தேன். போல்ட்டு போடாம எடுக்காதீங்கண்ணேன்னு சொன்னேன். அவுரு பேப்பர மட்டும் வாங்கிக்கினு போயிட்டாரு."

இசைவாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளத்து ஓரம்வரை போய் வந்தவளிடம் ஜெராக்ஸ் நீட்டியவனை என்ன செய்வது? சாவியைக் கேட்டாள். முதல் கார் இல்லாமல் ஊர்வலமா, எட்டு குரூப்பில் போட்டோ போட்டாகிவிட்டது, மானம் போய்விடும் என்றான். சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. அன்றிலிருந்து குளிக்கப் போகும்போதும் சட்டையைக் கூடவே எடுத்துப் போனான்.

திங்கட்கிழமை அவள் டவுன் பஸ்ஸில் ஆபீசுக்குப் போனாள். பதினொரு மணிக்கு மனு என்று பேச்சு. பன்னிரண்டு அடித்த பிறகுதான் கோஷம் கேட்டது. கோஷம் வந்தது, கார் வரவில்லை. ஆபீசுக்கு ஐம்பது அடி முன்னால் ரேஷன் கடை வாசலில் ஒரு வேகத்தடை உண்டு. ஆறு தடியர்கள், இரண்டு ஒலிபெருக்கி, ஒரு கட்டுக் கொடி இவ்வளவையும் சுமந்து வந்த முதல் கார், முன்சக்கரத்தை அந்தப் பக்கம் வைத்துவிட்டு வயிற்றைத் தடையின் மேல் போட்டுப் படுத்துவிட்டது. பின்னால் பதினோரு கார்கள் ஹாரன் அடித்தன. ஆறு பேரும் இறங்கியதும் கார் இரண்டு விரல் எழும்பியது, அதற்குமேல் நகரவில்லை. ரப்பர் கருகிய நாற்றம் ஆபீசுக்குள்வரை வந்தது.

ஊர்வலம் நடந்து வந்தது. கலையரசன் வேர்த்து வழிய மேசை முன்னால் நின்று, சின்னதுரை வீடியோ எடுக்க, "மதிப்பிற்குரிய வி.ஏ.ஓ. அம்மா அவர்களிடம்" என்று ஆரம்பித்து மனுவைக் கொடுத்தான். அவள் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினாள். படித்தாள், முத்திரை குத்தினாள், ஒப்புகை எழுதிக் கொடுத்தாள். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. பிறகு உள்ளே போய்த் தனசேகரனுக்குப் போன் செய்தாள்.

அரை மணியில் காரைத் தூக்கிப் போகும் வண்டி வந்தது. கொக்கி மாட்டியதைப் பார்த்ததும் கூட்டத்துக்கு ரத்தம் சூடேறிவிட்டது. அதிகாரிகள் போராட்டக்காரர்களின் வண்டியைப் பறிமுதல் செய்கிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கலையரசன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மீட்பு வண்டிக்கு முன்னால் நடுரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நாற்பது பேர் பின்னால் உட்கார்ந்தார்கள். பறிக்காதே, பறிக்காதே, எங்கள் வண்டியைப் பறிக்காதே என்று தொண்டை கிழியக் கத்தினான். நாலு நாளில் அவன் முகத்தில் கெத்து உண்மையிலேயே வந்தது அப்போதுதான்.

இசைவாணி வெளியே வந்தாள். கையில் ஆர்.சி. புத்தகம். கூட்டம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"இன்னாங்க இது? வண்டி என் பேருல கீது. தூக்கச் சொன்னது நான். கோரிக்கைக்கு ஒக்காருங்க, நானும் ஆதரவு தரேன். என் காருக்கு ஒக்காராதீங்க."

சின்னதுரை வீடியோவை நிறுத்தினான், கொஞ்சம் தாமதமாக. கலையரசன் எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். ரொம்ப நேரம் தட்டினான்.

சாயங்காலம் தனசேகரன் கடையில் வேலை நடந்தது. ஒரிஜினல் ஸ்பிரிங் வரப் பத்து நாளாகும், ஆனால் மலை புதன்கிழமைக்கு மேல் காத்திருக்காது. அதனால் இறக்கிய உயரத்திலேயே சரிசெய்வது என்று முடிவு. நாலு டயரிலும் காற்றைச் சமமாக்கினார். புதுப் போல்ட்டைப் போட்டுச் சக்கரத்தை நிமிர்த்தினார். ஸ்டியரிங்கை நேராக வைத்துப் பூட்டிவிட்டு, கடைசியாக டோவுக்கு வந்தார். திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்துகொண்டிருந்தன. கலையரசன் டவுன் பஸ்ஸில் வந்து சேர்ந்து, கொடிக்கட்டை என்ன செய்வதென்று தெரியாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றான்.

தனசேகரன் நிமிர்ந்து, இறக்கிய வண்டியில் ஆள் ஏறினால் அளவு ஜாஸ்தியாக மாறும், வழக்கமாகப் போகிற எடையை ஏற்றி வைத்துத்தான் கடைசித் திருகு திருக வேண்டும் என்றார்.

"எத்தினி பேரு போவீங்க?"

"நாங்க ஆறு…" என்று வாயைத் திறந்தான் கலையரசன்.

"நான் ஒருத்திதான்" என்றாள் இசைவாணி.

தனசேகரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு மணல் மூட்டையைத் தூக்கி, டிரைவர் சீட்டில் வைத்தார்.