டெல்மர் தனக்குத்தானே செய்துகொண்டது

பாடப்புத்தகத்தில் பேர் வந்தால் ஓட்டு விழும் என்று டெல்மருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. என் சித்தப்பா மகன். எங்கள் பழங்குடி மன்றத் தேர்தலில் நின்று ஒவ்வொரு தடவையும் மண்ணைக் கவ்வியவன்.

பீச் ஸ்பிரிங்ஸ் பள்ளியில் எங்கள் ஹுவாலபாய் மொழியைச் சொல்லித்தருவது நான். எங்கள் மொழியில் ஒருவன் தன்னையே அடித்துக்கொண்டால் வினைச்சொல்லோடு சின்னதாக ஓர் ஒலி ஒட்டிக்கொள்ளும். அதை விட்டுவிட்டால் அடி வேறு யார்மேலோ விழும். அந்தப் பாடத்துக்கு வாக்கியம் எழுத எனக்கு ஒரு பேர் தேவைப்பட்டது. உயிரோடிருப்பவர் ஒருவரும் தன் பேரில் அடியும் சூடும் எழுதச் சம்மதிக்கவில்லை. செத்தவர் பேரையோ நாங்கள் வாயில் எடுப்பதே இல்லை.

"என் பேரைப் போடுக்கா," என்றான் டெல்மர். "வீட்டுக்கு வீடு பிள்ளைங்க சத்தமாப் படிக்கும்ல?"

போட்டேன். டெல்மர் தன்னையே அடித்துக்கொண்டான். டெல்மர் தனக்கே சூடு வைத்துக்கொண்டான். டெல்மர் தன்னையே பார்த்துக்கொண்டான்.

பிள்ளைகள் படித்தார்கள். கடையில், தபால் அலுவலகத்தில், சரக்கு ரயில் போகட்டும் என்று காத்திருக்கும் வண்டிகளில். ஓட்டுக்காக அவன் மாட்டுக்கறிக் குழம்பும் பொரித்த ரொட்டியும் போட்ட அன்று கரண்டி தவறிக் குழம்பு அவன் கையிலேயே கொட்டியது. வரிசையில் நின்ற கிழடு கட்டைகள் வரை இரண்டாம் வாக்கியத்தை ஒரே குரலில் ஒப்பித்தார்கள்.

"மானம் போச்சுக்கா! பேரை எடுத்துடு."

"அச்சடிச்சாச்சுடா."

"இந்தத் தடவையும் தோத்தேன்னா இந்த ஊர்லயே இருக்க மாட்டேன்."

கண் கலங்கியிருந்தான். பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்து தொலைத்தது.

ஜெயித்துவிட்டான்.

என்னால் நம்பவே முடியவில்லை. கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்த அர்லீனிடம், "போயும் போயும் இவனுக்கா போட்டீங்க?" என்று கேட்டேன்.

"பின்ன? மத்தவனுங்க செஞ்சதெல்லாம் நம்ம தலையிலதான விடிஞ்சுது? இவன் எது செஞ்சாலும் தனக்குத்தானே செஞ்சுக்கறான். ஆபத்தில்லாத ஆளு."

மறுவாரம் டெல்மர் புதுத் தொப்பியோடு வகுப்புக்கு வந்தான். பிள்ளைகள் அவனைப் பார்த்ததும் பாடத்தை முழங்கினார்கள். பெருமையாகத் தலையாட்டினான்.

"அடுத்த பாடம் என்னக்கா?"

"ஒருத்தன் இன்னொருத்தனுக்குச் செய்யறது. அதுக்கும் ஒரு பேரு தேடிக்கிட்டிருக்கேன்."

டெல்மர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அதுல மட்டும் என் பேரைப் போட்டுடாத."