ஏழாவது வீட்டுத் தொட்டி

தறிக்குடோனில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, காலையிலிருந்து சந்து முனையில் நின்றிருந்தாள் பெரியாத்தாள். கக்கூஸ் தொட்டி உறிஞ்சும் லாரி பதினொன்றரைக்குத்தான் பல்லடத்திலிருந்து வந்தது. சந்துக்குள் அது நுழையாது. டிரைவர் குழாயை மட்டும் இழுத்துக்கொண்டு போனான். மூன்றாவது வீட்டு வாசலோடு குழாய் தீர்ந்துவிட்டது. அவள் வீடு ஏழாவது.

கக்கூஸ் கட்டி மூன்று வருடம். தொட்டி நிறைந்து, பத்து நாளாக ஊற்றிய தண்ணீர் திரும்ப மேலே வந்தது. மகள் நித்யஸ்ரீ தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

"பொறத்தால தோப்பு வழியா வந்தா எட்டுமுங்க," என்றான் டிரைவர்.

தோப்பு வெள்ளியங்கிரியுடையது. தறிக்குடோனும் அவருடையதுதான். பெரியாத்தாள் கேட்டுக்கு வெளியே நின்றே கேட்டாள்.

"அரை மணி நேரந்தானுங்க சாமி. புள்ள முழுகாம இருக்கறாளுங்க."

அவர் கோபப்படவில்லை. "தப்பா நெனச்சுக்காத பெரியாத்தா. உள்ள கன்னிமார் சாமி இருக்குது. அந்த வண்டி வந்தா எங்கூட்ல ஒத்துக்க மாட்டாங்க. வேற என்ன ஒதவின்னாலும் கேளு."

நாளைக்கும் அவள் அவருடைய தறியில்தான் நிற்க வேண்டும். அவள் திரும்பி நடந்தாள். லாரி ரிவர்சிலேயே போய்விட்டது.

மதியம், கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண் கக்கூஸ் கணக்கெடுக்க வந்தாள். "கக்கூஸ் இருந்தும் ஏனுங்கக்கா போறதில்ல?"

பெரியாத்தாள் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போன் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"இதுல அப்படி எதும் வரலீங்கக்கா. 'பழக்கமில்லை'ன்னு போட்டுக்கட்டுங்களா?"

"மூணு வருசமா போயிட்டுத்தானுங்கம்மணி இருந்தோம்."

"தெரியுதுங்க. ஏதாச்சும் ஒண்ணு போட்டாத்தான் அடுத்த கேள்வி வருமுங்க."

அடுத்த கேள்வி, சோப்புப் போட்டுக் கை கழுவுவது பற்றி.

மறுநாள் காலை தாயும் மகளும் ரோட்டுக்கு அந்தப்பக்கம் வேலங்காட்டுக்கு ஒதுங்கப் போனார்கள். காடு பாதிதான் இருந்தது. பொக்லைன் ஒன்று முள்ளை வழித்துத் தள்ளிக்கொண்டிருக்க, நாலைந்து ஆட்கள் மஞ்சள் அடித்த சைட் கற்களை வரிசையாக நட்டுக்கொண்டிருந்தார்கள்.

இருவரும் ரோட்டோரத்திலேயே நின்றார்கள். நித்யஸ்ரீ அடிவயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டாள்.

"செத்த பொறு கண்ணு. டீ குடிக்கப் போவாங்க," என்றாள் பெரியாத்தாள்.

ஆட்கள் அடுத்த கல்லைத் தூக்கினார்கள்.