குருவி விதைத்த கதிர்

செப்டம்பர் பிறந்துவிட்டால் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாரும் வெறுங்கையோடு வர மாட்டார்கள். கடத்தூருக்கு மேற்கே, ஓடு வேய்ந்த நீளக் கட்டடம், பக்கத்தில் கோயில், அதை ஒட்டி சிஸ்டர்மார் மடம். மாதா பிறந்த திருநாளுக்கு முன்னே ஒன்பது நாள் நவநாள் ஜெபம் நடக்கும். காலை மணி அடித்ததும் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வரிசை கட்டி நடந்து, தொட்டிலில் படுத்திருக்கும் குழந்தை மாதா சுரூபத்தின் மேல் பூத் தூவுவார்கள். மங்களூர்ப் பக்கத்திலிருந்து இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் தலைமை ஆசிரியை சிஸ்டர் ஸ்தனிஸ்லாஸ். அப்போது பாடும் பாட்டும் அந்த ஊர்ப் பாட்டுதான். ஒரு பிள்ளைக்கும் அர்த்தம் தெரியாது. ஆனாலும் எருமை மேய்க்கிறவர்கள்கூட அந்த ராகத்தை முணுமுணுத்துக்கொண்டு போவார்கள்.

அந்த எண்பத்திரண்டாம் வருடம் மழை எட்டிப் பார்க்கவில்லை. கிணறுகள் அடிப்பாறை தெரியக் கிடந்தன. பிள்ளைகள் சாமந்திக்கு எங்கே போவார்கள்? ஆவாரம்பூ, எருக்கம்பூ, தும்பைப்பூ என்று காட்டில் கண்டதைக் கொண்டுவந்தார்கள். தொட்டில் மஞ்சளும் வெள்ளையுமாக நிறைந்து, குழந்தையின் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. வெயிலில் அதைப் பார்த்தால் பூவுக்குள் யாரோ மூச்சு விடுகிறாற்போல இருக்கும்.

பூவோடு முடிகிற வழக்கமில்லை இது. திருநாளன்று ஒரு பிள்ளை புதுக்கதிர் ஒன்றை ஏந்திக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நடக்க வேண்டும். அதைப் பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி மந்திரிப்பார். பிறகு பள்ளிக்கூட அடுப்படியில் பாயச அண்டாவின் மேல் வைத்துக் கசக்குவார்கள். அந்த மணி விழுந்த பாயசத்தைத்தான் சாதி, மதம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளும் குடிப்பார்கள். கதிர் எப்போதும் நிலம் உள்ளவர்கள் வீட்டிலிருந்தே வரும். பெரும்பாலும் அருள்நாதன் வீட்டுக் கிணற்றடி வயலிலிருந்து.

இந்த வருடம் அருள்நாதன் கையை விரித்துவிட்டார். சிஸ்டர் யோசித்தார். "யாருகிட்டயும் இல்லேன்னா, எல்லாரும் ஒண்ணுதான்" என்று சொல்லி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேர் பெயரையும் சீட்டுப் போட்டுக் குலுக்கினார். புஷ்பமேரியின் பெயர் விழுந்தது. கல் உடைக்கிற சவுரியப்பனின் ஒரே மகள்.

செய்தி கல்குவாரிக்கு வந்தபோது சவுரியப்பன் சம்மட்டியை நட்டு வைத்து, அதன் மேல் சாய்ந்து நின்றான். அவனுக்குச் சொந்தம் என்று இருந்த மண், காலில் ஒட்டுகிற மண்தான்.

அன்று சாயங்காலம் கோயில் வாசலில் அருள்நாதன் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"என்னா சவுரி, கதிரு உன் வூட்டுல இருந்து வருதாம்ல? எங்க வெதச்சிருக்க, கூரை மேலயா?"

"சீட்டு விழுந்துடுச்சுங்கண்ணா. நானா கேட்டன்?"

"கோச்சுக்காதடா. போன வருசத்துக் காஞ்ச கதிரு ஒண்ணு எங்க வூட்டு உத்தரத்துல தொங்குது. அதயே வச்சுக்கலாம். எங்க சின்னவ ஏந்திட்டு வரட்டும். உன் புள்ள பக்கத்துல நடக்கட்டும்."

சிஸ்டர் அந்தப் பக்கமாக வந்தவர் நின்றுவிட்டார். "பேடா, பேடா. வேண்டாம். பிறந்த நாளுக்குப் பழசு கொடுக்கறதா? பச்சைக் கதிர் சிக்கினா சரி. இல்லேன்னா இந்த வருஷம் பூ மட்டும்."

பூ மட்டும் என்றால் புஷ்பமேரி முன்னால் நடக்க மாட்டாள். வீட்டில் அவள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தாள். விளக்குமாற்றுக் குச்சியைக் கதிராகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, சுவருக்கும் அடுப்புக்கும் நடுவே அடிமேல் அடி வைத்து, அர்த்தம் தெரியாத அந்தப் பாட்டைப் பாடியபடி. சவுரியப்பன் வாசலிலேயே நின்று பார்த்தான். இதுவரை அந்தப் பிள்ளை எதற்கும் முன்னால் நின்றதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"மலையில மழ பேஞ்சிருக்குன்னு சொல்றாங்க" என்றாள் மனைவி சகாயமேரி. "சித்தேரிக்குப் போய்ப் பாருங்க. தெனை போட்டிருப்பாங்க."

"வேலைய வுட்டுட்டா?"

"கல்லு எங்கயும் ஓடிப்போவாது."

மறுநாளே கிளம்பிவிட்டான். முதியோர் வகுப்பில் சிஸ்டர்மார் சொல்லிக்கொடுத்த எழுத்தைக் கூட்டிக் கூட்டி, பஸ்ஸின் நெற்றியில் இருந்த 'அரூர்' என்பதைப் படித்து ஏறினான். அங்கிருந்து இன்னொரு பஸ். அடிவாரத்தில் இறங்கி மேலே நடந்தான். ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. எத்தனையோ மாதமாக வெள்ளையாகக் காய்ந்த வெளிச்சத்தையே பார்த்த கண்ணுக்கு அந்தப் பச்சை நிஜமாகப் படவில்லை. தூக்கத்தில் நடக்கிறோமோ என்று கையைக் கிள்ளிப் பார்த்தான். கல் உடைத்துக் காய்த்த தோல். கிள்ளினால் அதற்கு எங்கே தெரியப்போகிறது?

ஒரு திருப்பத்தில் தினைக் கொல்லை விரிந்தது. கதிர்கள் நரிவாலாக வளைந்து, காற்று வந்தால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, மறுபடி எழுந்தன. கோயிலில் நற்கருணை தூக்கும்போது ஜனங்கள் குனிந்து எழுவார்களே, அந்த மாதிரி. சவுரியப்பனுக்கு என்ன தோன்றியதோ, செருப்பைக் கழற்றினான். முழங்கால் போட்டுச் சிலுவை வரைந்தான். ஒரு கதிரைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

"ஏய்! யாருப்பா அது? கைய எடு!"

தகரத்தைத் தட்டிக் கிளி விரட்டிக்கொண்டிருந்த பெண்பிள்ளை ஓடிவந்தாள். பேர் குள்ளம்மாள். ஆள் என்னவோ பனைமரம் மாதிரி உசரம்.

"திருட வந்தவன் முட்டி போட்டு நெஞ்சத் தொட்டுக் கும்புட்டு இன்னிக்கித்தான் பாக்குறன்" என்றாள்.

சவுரியப்பன் எழுந்து எல்லாவற்றையும் சொன்னான். மாதா, தொட்டில், மகள், சீட்டு. அவள் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு கதை கேட்கிறாற்போலக் கேட்டாள்.

"உங்க ஆத்தாளுக்கும் மொதக் கதிருதானா?"

"ஆமாங்க்கா."

"அப்ப எப்படிப்பா குடுக்கறது? எங்க ஆத்தா இன்னும் திங்கல. இன்னும் மணி முத்தல. முத்துனப்புறம் ஊர்கூடிப் பொங்கல் வச்சு, அவ வாயில மொதல்ல வச்சாத்தான் அருவாள எடுப்போம். அதுக்கு முந்தி ஒரு கதிரு போனாலும் எங்க சனத்துக்கு ஆவாது."

அவனுக்கு அது நன்றாகவே புரிந்தது. அவன் வீட்டிலும் முதல் பங்கு சாமிக்குத்தான். அந்த இடத்தில் அவன் இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பான். "சரிங்க்கா" என்று செருப்பை மாட்டினான். மகள் விளக்குமாற்றுக் குச்சியோடு கண்ணை மூடி நடந்தது மறுபடி முன்னால் வந்து நின்றது. திரும்பிப் போய் அவளிடம் என்ன சொல்வது?

நாலு எட்டு வைத்திருப்பான். "இந்தாப்பா, நில்லு" என்று குரல் வந்தது.

குள்ளம்மாள் கொல்லையின் ஓரத்தில் யானை படுத்தாற்போலக் கிடந்த பாறையைக் காட்டினாள். அதன் வெடிப்பில், ஒரு பிடி மண்ணில், தினைத் தூர் ஒன்று தானாக நின்றது. மூன்றே கதிர்.

"அத நாங்க வெதைக்கல. ஏரு ஓட்டல. குருவி தின்னுட்டுப் போட்ட எச்சத்துல மொளச்சது. கொல்லையில வெளஞ்சது எங்க ஆத்தாளுது. பாறையில வெளஞ்சது யாருதுன்னு எனக்குத் தெரியாது." வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சேர்த்துச் சொன்னாள். "ஆனா பெருசா இருக்கறத எடுக்காத. வெதச்சவ வந்து தேடுவா."

சவுரியப்பன் இருப்பதிலேயே சின்னக் கதிரைக் கிள்ளினான். வாழ்நாளெல்லாம் பாறையைப் பிளந்த கை அது. பாறை அவனுக்கு ஒன்றைக் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

கதிரை ஈரத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தான். துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கதிர் நுனியைக் கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"கைக்கொழந்தையாண்ணா? சத்தத்தயே காணோம், அழவே மாட்டேங்குது?"

"தூங்குதுங்க" என்றான் சவுரியப்பன்.

பஸ்ஸே சிரித்தது. ஜன்னல் காற்றில் அவனும் கண் அயர்ந்தான். கதிரின் மீசை கன்னத்தில் உரசியது. தொட்டிலில் பூவுக்குள் இருந்து வருகிற மூச்சு என்று நினைத்துக்கொண்டான். கனவில் மலையும் பள்ளிக்கூடமும் ஒரே இடத்தில் இருந்தன. கிளிகள் வகுப்பு வகுப்பாக வரிசையில் வந்து, அலகில் இருந்த பூவைப் போட்டுவிட்டுப் பறந்தன. பெயர் கூப்பிட்டால் ஒவ்வொன்றும் 'உள்ளேன் சிஸ்டர்' என்றது.

வீட்டில் சகாயமேரி துண்டைப் பிரித்ததும் முகம் மலர்ந்தது. விரலால் அமுக்கிப் பார்த்ததும் வாடியது.

"ஏங்க, இது வெறும் பிஞ்சு. நாளைக்கிக் கசக்குனா மணி எங்க வுழும்?"

அவனுக்கு அது தெரியாமலா? கிள்ளும்போதே தெரியும். "பச்சையா இருந்தாப் போதும்னுதான சிஸ்டர் சொன்னாங்க" என்றான். சொல்லிவிட்டு, துண்டை மறுபடி நனைத்துக் கதிரைச் சுற்றி வைத்தான்.

திருநாள் காலையில் புஷ்பமேரி முன்னால் நடந்தாள். வீட்டில் நடந்த அதே நடை. கண் மட்டும் திறந்திருந்தது. பின்னால் முழுப் பள்ளிக்கூடமும் பாடிக்கொண்டு வந்தது. எருக்கம்பூவும் ஆவாரம்பூவும் காற்றில் பறந்து விழுந்த அந்த வழியில், சின்னக் கதிர் ஒன்று மெழுகுவர்த்தி மாதிரி நிமிர்ந்து போயிற்று. சவுரியப்பன் கூட்டத்தின் கடைசியில் நின்று, குனிந்த தலைகளுக்கு மேலே தெரிந்த அந்தப் பச்சையை மட்டும் பார்த்தான். சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார்.

பிறகு அடுப்படி. பெரிய அண்டாவில் பாயசம் தளதளத்தது. சமையல்கார ரோசம்மாள் கரண்டியோடு நின்றாள். அருள்நாதன் கதிரை உற்றுப் பார்த்தார்.

"பிஞ்சப் போயி அறுத்துட்டு வந்திருக்கானே. இதுல மணி ஏது சிஸ்டர்? பாயசத்துல என்னாத்தப் போடுவீங்க?"

புஷ்பமேரி அப்பனைத் திரும்பிப் பார்த்தாள். சவுரியப்பன் தரையைப் பார்த்தான்.

சிஸ்டர் ஸ்தனிஸ்லாஸ் கதிரை வாங்கவில்லை. "நீயே பிழி" என்றார் பிள்ளையிடம். அவள் அண்டாவின் மேல் கதிரை நீட்டி, கட்டைவிரலால் அமுக்கினாள். மணி விழவில்லை. பச்சை உமிக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு பொட்டு கசிந்தது. விரல் நுனியில் திரண்டு, நின்று, அண்டாவுக்குள் சொட்டியது.

"பாலு" என்றாள் பிள்ளை.

ரோசம்மாள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள். "பின்ன? இன்னிக்கிப் பொறந்த கொழந்த களியா திங்கும்? பாலுதான குடிக்கும்! இத்தன வருசமா முத்துன கதிரா கொண்டாந்து போட்டீங்களே, பல்லு மொளச்சிருச்சான்னு யாராவது பாத்தீங்களா?"

சிஸ்டருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "ஹௌது, ஹௌது, ஆமாம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் அடுப்படியே அதிர்ந்தது. அருள்நாதன் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்தில் நின்ற சவுரியப்பனின் தோளில் கையைப் போட்டு, "எங்கடா புடிச்ச இத?" என்று மெதுவாகக் கேட்டார்.

"குருவி குடுத்துச்சுங்கண்ணா."

அவர் நம்பவில்லை. நம்பாத கை தோளிலிருந்து இறங்கவும் இல்லை.

பிள்ளைகள் மரத்தடியில் பந்தி உட்கார்ந்தார்கள். அலுமினியத் தம்ளரில் சவுரியப்பனுக்கும் பாயசம் வந்தது. கல்தூசி படிந்த நாக்கில் வெல்லமும் ஏலக்காயும் தெரிந்தன. அந்த ஒரு சொட்டு எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடித் தேடினான். புஷ்பமேரி ஓடிவந்து கட்டைவிரலை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். இன்னும் கழுவவில்லை. பச்சைத் தினையின் வாசம். மலைக்காற்று ஒரு தரம் அந்த முற்றத்தில் வந்து திரும்பினாற்போல இருந்தது.