இல்லாத சைனஸ்

சாரல் விழுந்தால் ஊருக்கே கொண்டாட்டம், எனக்கு மட்டும் எரிச்சல். சொந்தக்காரர்கள் எல்லாம் தென்காசியில் எங்கள் வீட்டில்தான் வந்து இறங்குவார்கள். அத்தனை பேரையும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். அவர்கள் குளிப்பார்கள், நான் பைகளுக்குக் காவல். போன், கம்மல், மாற்றுத்துணி எல்லாம் என் மடியில் கிடக்கும்.

"யோகாவுக்குச் சைனஸ். அருவித் தண்ணி சேராது" என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

எனக்குச் சைனஸும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. இருப்பது வெண்படை. உதட்டோரம், கழுத்து, இரண்டு முன்கைகள். பள்ளிக்கூடம் போகும்போதே வந்தது. அது யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் சொன்னது அம்மா காதில் ஏறவே இல்லை. முகத்துக்குத் தோல் நிறத்தில் க்ரீம், கைக்கு முழுக்கைச் சட்டை. வியர்வைக்குத் தாக்குப்பிடிக்கும் க்ரீம் அருவிக்குத் தாங்காது. அதற்குத்தான் அந்தச் சைனஸ்.

இல்லாத நோய்க்கு ஆளாளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். செங்கோட்டைச் சித்தி நொச்சி இலை கொண்டுவந்தாள். அண்ணன் மனைவி வித்யா மதினி சென்னையிலிருந்து மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே வாங்கிவந்தாள். அண்ணனுக்கு விஷயம் தெரியும், ஆனால் அம்மா அவன் வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தாள். நானும் வெட்கமில்லாமல் முக்காடு போட்டு ஆவி பிடித்தேன். அலுவலகத்தில் மனநலம் பற்றிப் பேச வந்த ஒரு அம்மாள், தினமும் கண்ணாடியைப் பார்த்து 'உன்னை எனக்குப் பிடிக்கும்' என்று சொல்லச் சொன்னாள். கண்ணாடியில் தெரிவது க்ரீம். அதைப் போய் எனக்கு எப்படிப் பிடிக்கும்?

இந்தச் சீசனில் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். "பேசி முடியட்டும்ட்டி" என்றாள் அம்மா. பேச்சு தொடங்குவதற்குள் தரகர் போன் செய்துவிட்டார்.

"பொண்ணுக்கு நாள்பட்ட சைனஸாமே. பக்கத்துல அருவிய வச்சிக்கிட்டு குளிக்க முடியாத உடம்பான்னு கேக்காங்க. வேண்டாம்னுட்டாங்க."

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் கோபம் வந்தது. வேண்டாம் என்பதை என் தோலைப் பார்த்தாவது சொல்லியிருக்கலாம். வராத மூக்கடைப்புக்காக நான் ஏன் கழிக்கப்பட வேண்டும்? கோபம் அவர்கள்மேல் மட்டும் இல்லை. முக்காட்டுக்குள் உட்கார்ந்து ஆவி பிடித்தவள்மேலும்தான்.

மறுநாள் ஐந்தருவி. மதினி வழக்கம்போல் வளையலைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். நான் அதை வாங்கி, பைகளோடு சேர்த்து அம்மாவின் மடியில் வைத்தேன்.

"ஏட்டி, எங்கன போற? ஒனக்குத்தான் சேராதே!"

"இன்னைக்குச் சேரும்மா."

சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு பெண்கள் பக்கம் நுழைந்தேன். தண்ணீர் மண்டையில் விழுந்ததும் மூச்சு முட்டியது. உதட்டோரம் விரலால் தேய்த்தேன், க்ரீம் பிசுபிசுவென்று வந்து போய்விட்டது. பக்கத்தில் மதினிக்குக் கால் வழுக்கியது. என் முன்கையைப் பாய்ந்து பிடித்தவள், கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"யோகா, என்ன இது?" அருவிச் சத்தத்தில் அவள் கத்த வேண்டியிருந்தது.

"வெண்படை மதினி. சின்னதுலயே வந்துட்டு."

"அப்ப சைனஸ்?"

"கிடையாது."

"நான் வாங்கிட்டு வந்த ஸ்ப்ரே?"

"அலமாரியில அப்படியே இருக்கு."

என்னை முறைப்பதா சிரிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை. பின்னாலிருந்து கூட்டம் நெருக்கியது. என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அம்மா துண்டோடு ஓடிவந்தாள். ஈரம் சொட்டுகிற தலையை விட்டுவிட்டு, என் கைகள்மேல் துண்டைச் சுற்றினாள்.

"சீக்கிரம் தொவட்டு. சைனஸ் வந்துரப் போவுது."

சொல்லிச் சொல்லி அவளே நம்பிவிட்டிருந்தாள்! எனக்கு அழுகையாக வந்தது. கைகளை வெளியே எடுத்தேன். துண்டால் முகத்தைத் துடைத்து அவளிடமே கொடுத்தேன்.

"அடுத்த வரன் வந்தா இதக் காட்டிப் பேசும்மா" என்று கையை நீட்டினேன்.

அம்மா என்னைப் பார்க்காமல் பைகளைப் பார்த்தாள். நான் இன்னொரு தடவை குளிக்கப் போனேன்.