எண்பத்து மூன்றாம் பக்கம்

எண்பத்து ஒன்று வந்தது, மவுஸ் சக்கரத்தை ஒரு உருட்டு உருட்டினால் தொண்ணூறுக்குத் தாவியது. ஆய்வேட்டின் எண்பத்து மூன்றாம் பக்கம் மட்டும் லிஃப்ட்காரரோடு கண்ணாமூச்சி ஆடியது. முப்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்த விரல்களுக்கு மனைவியின் மடிக்கணினி பிடிபடவில்லை.

"தம்பி, வர்றவங்க எல்லாம் உன்னைத்தான் தேடுறாங்க. இப்பப் போய் இதுல என்னடா?" என்று அக்கா அறை வாசலில் நின்று அடிக்குரலில் கடிந்துகொண்டாள்.

முன்னறையில் மனைவி கிடத்தப்பட்டிருந்தாள். நேற்று விடிகாலையில் போய்விட்டாள். நாலு மணிக்கு வண்டி வரும். பல்கலைக்கழக அலுவலகத்தை இன்று பன்னிரண்டுக்கே மூடிவிடுவார்கள். இப்போது பத்தே முக்கால்.

"பன்னண்டுக்குள்ள இத அனுப்பணும்க்கா. அனுப்பினா கையெழுத்தாயிடும். அவ டாக்டராத்தான் போகணும்."

அக்கா கதவை ஒருக்களித்துவிட்டு வந்தவர்களைக் கவனிக்கப் போனாள்.

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவள் அவர் மனைவி. நோயாளிகளின் எண்களை அடுக்கி நோயின் போக்கைக் கணிக்கிற படிப்பில், நாற்பத்தேழு வயதில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். லிஃப்ட்காரர் அன்று சிரித்தார். சிரித்தவரையும் சேர்த்து அந்தப் படிப்பு ஆறு வருடம் ஆட்டிவைத்தது. எட்டுப் பாடம் தேற வேண்டும். மூன்று ஆய்வுக்கூடங்களில் மும்மூன்று மாதம், மகள் வயதுப் பிள்ளைகளிடம் வேலை பழக வேண்டும். தகுதித் தேர்வில் முதல் தடவை கோட்டைவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவர் கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, "டிரைவிங் டெஸ்ட்ல நான் மூணு தடவை ஃபெயிலு, தெரியுமா?" என்றார். உண்மையில் ஒரு தடவைதான். பிறகு அதிலும் தேறி, வகுப்பு எடுத்து, கட்டுரைகள் அச்சேறி, கடைசியாகத் தேர்வுக்குழு முன்னால் ஆய்வை வாதாடி நிலைநாட்டுவது மட்டும் பாக்கி இருந்தது. அதற்குள் நோய் முந்திக்கொண்டது.

அதனால் முந்தாநாள் தேர்வுக்குழு வீட்டுக்கே வந்தது. கட்டிலைச் சுற்றி ஐந்து நாற்காலிகள். பொதுமக்களும் வந்து கேட்கலாம் என்பது விதி. பொதுமக்கள் சார்பில் லிஃப்ட்காரர், இஸ்திரி போட்ட சட்டையில், கதவோரம் உட்கார்ந்திருந்தார். தலையணையில் சாய்ந்தபடி அவள் நாற்பது நிமிடம் பேசினாள். கேள்வி நேரத்தில் கண் செருகிவிட்டது.

"சிகிச்சைய பாதியில விட்டுட்டுப் போன அந்தப் பதினோரு பேரை என்ன பண்ணீங்க?" என்று வெளியூரிலிருந்து வந்திருந்த தாடிக்காரத் தேர்வாளர் கேட்டார்.

கட்டிலிலிருந்து மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவளுடைய ஒத்திகையை நாற்பது தடவை கேட்டிருந்த லிஃப்ட்காரருக்குப் பொறுக்கவில்லை. முந்திரிக்கொட்டை மாதிரி எழுந்துவிட்டார்.

"அவங்கதான் போயிட்டாங்களே சார். இவ கணக்குலேர்ந்து எடுத்துட்டா."

"ஐயா, மாணவிதான் பதில் சொல்லணும். அது விதி" என்றார் குழுத் தலைவர் சங்கடத்தோடு.

லிஃப்ட்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆறு வருட உழைப்பை ஒரு வாயால் கெடுத்தோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

"தப்பு" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. கண்கள் திறந்திருந்தன. "இவர் எப்பவும் இந்த இடத்துலதான் சறுக்குவார். எடுக்கலை சார். பாதியில போனா வரவே இல்லைன்னு ஆயிடுமா? போன நாள் வரைக்கும் இருந்தாங்கல்ல, அதுவரைக்கும் அவங்க கணக்குல உண்டு. அதுக்கப்புறம் என்னாச்சுன்னு தெரியாது, அவ்வளவுதான்."

தாடிக்காரர் சிரித்தபடி பேனாவை மூடினார். தேறிவிட்டாள். ஒரே ஒரு திருத்தம்: இப்போது சொன்னதை எண்பத்து மூன்றாம் பக்கத்தில் எழுதிச் சேர்க்க வேண்டும். முப்பது நாள் அவகாசம்.

அன்று சாயங்காலம் முழுக்க அவரை ஓட்டித் தள்ளினாள். "உன்னை எழுப்பத்தான் வேணும்னே தப்பாச் சொன்னேன்" என்று அவர் புளுகினார். "எழுப்பினீங்களே, அது போதும். நாளைக்கு எழுதிக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தூங்கினாள்.

அவளுக்கு வழிகாட்டியாகத் தேர்வுக்குழுவிலும் இருந்த பேராசிரியை இன்று காலையில் போன் செய்திருந்தார். "நான் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கக்கூடாது, விதி அப்படி. அவங்க சொன்னதை அப்படியே நீங்க போட்டு அனுப்புங்க. நாங்க அஞ்சு பேரும் கேட்டதுதானே. பன்னண்டுக்குள்ள வந்தா நானே ஓடிப்போய்க் கையெழுத்து வாங்கிடறேன்."

பக்கம் ஒருவழியாக அகப்பட்டது. ஒற்றை விரலால் அடித்தார். அடித்ததை அழித்தார், மறுபடி அடித்தார். மணி பதினொன்று நாற்பது.

"இங்க பாரு, இது சரியா? 'பாதியில் விலகிய பதினொரு பேரும், விலகிய நாள் வரைக்கும் கணக்கில் உண்டு'" என்று முன்னறைப் பக்கம் திரும்பி உரக்க வாசித்தார்.

முன்னறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா ஓடி வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். லிஃப்ட்காரர் திரையைப் பார்த்தபடி, எப்போதும் காத்திருக்கிற அளவுக்குக் காத்திருந்தார்.

"தப்பா இருந்தா இந்நேரம் சொல்லியிருப்பாக்கா" என்று சொல்லிவிட்டு அனுப்பினார்.