இரண்டு கார்டில் வேகமானது

வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவன் நான். வண்டியை நிறுத்தி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் டீசலை உறிஞ்சி எடுத்திருப்பார்கள். அதனால் கடைக்காரன், தரகன், சிரித்துப் பேசுகிறவன் யாரையும் நம்புவதில்லை. மருமகளோடு லேப்டாப் கடைக்குப் போன அன்றும் அப்படித்தான் போனேன்.

மகன் செத்த பிறகு வீட்டில் நான், மருமகள், பேத்தி மூன்று பேர்தான். பேத்தியை வாண்டு என்போம். கட்டடங்களைக் கம்ப்யூட்டருக்குள் எழுப்பிக் காட்டுவது மருமகளின் தொழில். சுவர், படிக்கட்டு, ஜன்னலில் விழும் வெயில் வரைக்கும் அச்சு அசலாக இருக்கும். ஒரு கம்பெனி அவளிடம் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தைக் கொடுத்து, உள்ளே நடந்து போவது மாதிரி வீடியோ செய்து தரச் சொல்லியிருந்தது. சரியாக வந்தால் வீட்டிலிருந்தே நிரந்தர வேலை. வராவிட்டால் அவளுடைய அண்ணன் வந்து அவளையும் வாண்டையும் தன் ஊருக்குக் கூட்டிப் போய்விடுவான். அவன் கடைக் கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டுமாம். அதை அவன் மறைக்கவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து அவளுடைய பழைய லேப்டாப் படுத்துவிட்டது.

கடையில் இருந்தவன் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவன். மேஜையில் இரண்டை எடுத்து வைத்தான். விலையில் பெரிய வித்தியாசமில்லை. உள்ளே இருக்கிற கிராபிக்ஸ் கார்டுதான் வேறு வேறு. படத்தை உண்டாக்குகிற பாடு முழுக்க அந்தக் கார்டின் தலையில்தான் என்று மருமகள் வழியிலேயே சொல்லியிருந்தாள்.

"இது புதுசு பெரியவரே, வேகத்துல இத அடிச்சிக்க ஆளில்ல. அது போன வருஷத்துது, கொஞ்சம் மெதுவு. ஆனா அதுல கார்டு மெமரி ரெண்டு மடங்கு."

"பழச தள்ளிவிட ஏதாவது சொல்லித்தான ஆகணும்," என்றேன்.

"நான் எதையும் தள்ளல. உங்க வேலை எவ்வளவு பெருசுங்கறதப் பொறுத்தது. ஃபைல் கொண்டாந்திருக்கீங்களாக்கா? ரெண்டுலயும் போட்டு ஓட்டிப் பாத்துருவோம்."

மருமகள் கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்தாள். நான் அதை வாங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"மாமா, போட்டுப் பாத்துட்டு நானே அழிச்சிடுவேன்."

"நீ அழிப்பம்மா. அதுக்குள்ள இவன் நகல் எடுத்துட்டான்னா? வேற ஏதாவது சின்னதா இருந்தா போட்டுக் காட்டு."

"ஆஸ்பத்திரிய திருடி நான் எங்க பெரியவரே ஒளிச்சு வைக்க?" என்று சோடாபுட்டி சிரித்தான். அவன் சிரித்ததில் எனக்குச் சந்தேகம் கூடியது.

எதிர்த்துப் பேசி மருமகளுக்குப் பழக்கமில்லை. பயிற்சிக்காக எப்போதோ செய்த ஒரு சின்ன வீட்டை மெயிலிலிருந்து இறக்கி இரண்டிலும் ஓடவிட்டாள். புதுசு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேலையை முடித்துவிட்டுச் சும்மா நின்றது. பழசு பாதியில் முக்கிக்கொண்டிருந்தது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? புதுசைக் கட்டச் சொன்னேன்.

"பெரிய ஃபைலா இருந்தா யோசிச்சிக்கங்கக்கா," என்றான் அவன், அவளைப் பார்த்து.

"பாக்க வேண்டியத பாத்தாச்சு," என்றேன் நான்.

வீட்டுக்கு வந்து ஆஸ்பத்திரியைத் திறந்தாள். பாதி வரைக்கும் சுவர் சுவராக வந்தது. பிறகு திரை அப்படியே நின்று, ஒரு வரி எழுத்து வந்து, எல்லாம் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தாள். மறுபடியும் அதே கதை.

"என்னம்மா சொல்லுது?"

"கார்டு மெமரி பத்தலயாம் மாமா." எனக்குப் புரியும்படியும் சொன்னாள். "இஞ்சின் நல்ல இஞ்சின்தான். பின்னாடி பாடி சின்னது. இவ்வளவு பாரம் ஏறாது."

இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் கடை திறக்குமுன்பே போய் நின்றேன். பழசு முந்தின நாளே விற்றுப்போயிருந்தது.

"இதுலயே மெமரிய கூட்டிப் போட்டுக் குடுப்பா."

"கம்ப்யூட்டர் மெமரின்னா கூட்டலாம். கார்டு மெமரி பலகையோட பத்த வச்சது பெரியவரே, பொறந்தப்ப எவ்வளவோ அவ்வளவுதான். நேத்தே கேட்டேன்ல?"

இன்னொன்று வாங்கக் கையில் பணமில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

மருமகள் சோறு தண்ணி பார்க்காமல் ஆஸ்பத்திரியை மாடி மாடியாக வெட்டினாள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓட்டிப் பிறகு ஒட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாண்டு, "அம்மா, கீழ ஏன் கரண்ட் இல்ல?" என்றது. அப்போதுதான் நானும் கவனித்தேன். அந்தக் கட்டடத்தின் கூரையில் கண்ணாடி. அதன் வழியாக வெயில் நடுவே இறங்கி, அடியில் நோயாளிகள் காத்திருக்கும் கூடம் வரைக்கும் விழ வேண்டும். வெட்டிய இடத்தை மூடினால் கூடம் இருண்டது. திறந்துவிட்டால் கூரையே இல்லாத மாதிரி வெயில் கொட்டியது. கடைசியில் பொய் விளக்கு ஒன்றை வைத்தாள். நாற்காலிகள் பிணவறைச் சாமான் மாதிரி வெளிறிக் கிடந்தன. கெடு நெருங்கிவிட்டது. அனுப்பிவிட்டாள்.

கம்பெனியிலிருந்து மரியாதையாகத்தான் பதில் வந்தது. வேறு ஆளை எடுத்துக்கொண்டார்களாம்.

அண்ணன் கார் கொண்டுவந்தான். "என்ன தங்கச்சி, மெஷின் காலை வாரிடுச்சா?" என்று கேட்டபடியே பெட்டிகளை ஏற்றினான்.

"ஆமாண்ணா, மெஷின் சரியில்ல."

"மெஷின் நல்லாத்தான் இருக்கு," என்றேன். "பெரிய ஃபைல போட்டுப் பாக்க விடாதது நான்."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "விடுங்க மாமா, நடந்தது நடந்துபோச்சு. லீவு விட்டதும் வாண்ட நானே கொண்டாந்து விடறேன், போதுமா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எழுதிக் கொடு என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. மருமகள் தலைகுனிந்திருந்தாள். நான் கேட்கவில்லை.

வாண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "தாத்தா, நீயும் ஏறு," என்றது.

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. கார்க் கதவை நானே சாத்தினேன்.